ஜென்கின்ஸா, கிட்ஹப் ஆக்‌ஷன்ஸா? முதலில் எதைப் பழகுவது

கிட்டில் கமிட், பிராஞ்ச், மெர்ஜ் எல்லாம் ஓரளவு கைவந்துவிட்டது. புஷ் செய்ததும் கோடைத் தானாக டெஸ்ட் செய்து சர்வரில் ஏற்ற, அதற்கான கருவிகளில் அடுத்து எதைப் பழகலாம்?

இந்த இரண்டில் ஜென்கின்ஸ்தான் மூத்தது. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்தபோது கோசுகே கவாகுச்சி அதை ஹட்சன் என்ற பெயரில் எழுதினார். சன்னை வாங்கிய ஆரக்கிளுடன் தகராறு முற்றி, 2011-ல் ஜென்கின்ஸ் என்று பெயர் மாறியது. மென்பொருள் இலவசம், பராமரிப்பு உங்கள் தலையில். ஜாவா நிறுவ வேண்டும், சர்வரைக் காக்க வேண்டும், ப்ளகின்களை (கூடுதல் வசதி தரும் துணை நிரல்களை) புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு ப்ளகினைப் புதுப்பித்தால் இன்னொன்று மக்கர் பண்ணும். பைப்லைனை, அதாவது டெஸ்ட் முதல் சர்வரில் ஏற்றுவது வரையான படிகளை, க்ரூவி என்ற நிரல்மொழி சார்ந்த நடையில் எழுத வேண்டும். புதியவர் முதல் பில்டைப் பார்ப்பதற்குள் ஆர்வமே வடிந்துவிடும்.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் இந்தத் தொல்லை இல்லை. ரிப்போவுக்குள்ளேயே படிகளை எழுதிய ஒரு யாமல் ஃபைல் (இடைவெளிகளால் அமைப்பைக் காட்டும் எளிய உரை ஃபைல்) வைத்தால் போதும், அடுத்த புஷ்ஷிலேயே ஓடும். பொது ரிப்போக்களுக்கு வழக்கமான ரன்னர்கள் (வேலையை ஓட்டும் கிட்ஹப் கணினிகள்) இலவசம். தனி ரிப்போ என்றால் இலவசக் கணக்கில் மாதம் 2,000 நிமிடம். கற்பதற்கு இது தாராளம். (யாமலில் இடைவெளி பிசகினால் வரும் எரிச்சல் தனிக்கதை.)

ஆனால் இந்த வசதியிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. பிறர் எழுதிவைத்த ஆக்‌ஷனை, அதாவது தயாரான ஒரு படியை, ஒரே வரியில் இழுத்துவிடலாம். 2025 மார்ச்சில், பல்லாயிரம் ரிப்போக்கள் பயன்படுத்திய டிஜே-ஆக்‌ஷன்ஸ் என்ற தொகுப்பின் ஓர் ஆக்‌ஷனுக்குள் யாரோ புகுந்து, பழைய டேக்குகளையே (பதிப்புகளைக் குறிக்கும் பெயர்களை) தீய கோடின் பக்கம் திருப்பிவிட்டார்கள். அது ஓடிய இடங்களில் பாஸ்வேர்டுகளும் டோக்கன்களும் பில்ட் லாகில், அதாவது ஓட்டத்தின் பதிவில், கொட்டின. பொது ரிப்போ என்றால் அந்த லாகை யாரும் படிக்கலாம். டேக்கை நம்பாமல் முழு கமிட் ஹாஷை (ஒரு கமிட்டின் மாறாத அடையாளக் குறியீட்டை) குறிப்பிட்டவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். முதல் நாளிலிருந்தே அப்படி எழுதிப் பழகுங்கள்.

கிட்ஹப் போன்ற இன்னொரு தளமான கிட்லேபிலும் இதே வேலைக்கு யாமல்தான். கோடு வெளியே போகக்கூடாது என்னும் நிறுவனங்கள் அதைச் சொந்த சர்வரில் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் பழக அவ்வளவு அவசியமில்லை.

என் ஓட்டு ஆக்‌ஷன்ஸுக்கே. ஜென்கின்ஸை வேலை கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம்; பழைய ஜாவா புராஜெக்டுகளில் கேட்கத்தான் செய்யும். அதற்காக இப்போதே ஒன்று செய்யுங்கள்: டிப்ளாய் (சர்வரில் ஏற்றும்) கட்டளைகளை யாமலுக்குள் கொட்டாமல் தனி ஷெல் ஸ்கிரிப்டில் வையுங்கள். கருவி மாறினாலும், அதை அழைக்கும் நாலைந்து வரிகளைத்தான் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.