கத்தரி போட ஆளில்லாத மெட்டாலிக்கா

அமெரிக்க ஹெவி மெட்டல் இசைக்குழுவான மெட்டாலிக்காவின் ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் சண்டை வந்துவிடும். இவர்கள் எந்த ஆல்பத்தோடு கெட்டுப்போனார்கள்? 1991-இல் வந்த கறுப்பு அட்டை ஆல்பம் என்பார் ஒருவர். 1996-இல் முடியை வெட்டிக்கொண்டு வந்து நின்றார்களே, அன்றைக்கே போச்சு என்பார் இன்னொருவர். 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் பஸ் கவிழ்ந்து பேஸ் கிட்டார் கலைஞர் க்ளிஃப் பர்ட்டன் இறந்ததோடு எல்லாம் முடிந்தது என்று சாதிக்கும் ஆட்களும் உண்டு. கேசட்டில் தொடங்கி ஸ்ட்ரீமிங் வரை இந்த இசைக்குழுவை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பவன் நான். என் கணக்கு வேறு. இவர்களுக்கு நல்ல ரிஃப், அதாவது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு, எழுத வருவது இன்றுவரை நிற்கவில்லை. எழுதியதில் பாதியைத் தூக்கிப் போடுவதுதான் நின்றுபோனது.

ஆல்பங்களின் நீளத்தைப் பாருங்கள். 1984-இல் வந்த ‘ரைட் த லைட்னிங்’ 47 நிமிடம். 1986-இன் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ 55 நிமிடம். 1996-இன் ‘லோட்’ 79 நிமிடம்! அதற்குப் பிறகு சொந்தப் பாட்டுகளோடு அவர்கள் தனியாகப் போட்ட ஆல்பம் ஒன்றுகூட 74 நிமிடத்துக்குக் கீழே இறங்கவில்லை. எல்.பி. தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது சொச்சம் நிமிடம்தான் நன்றாகக் கொள்ளும். அதைத் தாண்டினால் பள்ளங்கள் நெருங்கி ஒலி அளவு குறைந்துவிடும். அதனால் ஆல்பம் போடுகிற எவரும் எதையாவது வெளியே வைத்தே ஆகவேண்டும். சிடி வந்ததும் அந்தக் கட்டாயம் போய்விட்டது. இடம் இருக்கிறது என்பதற்காகவே நிரப்ப ஆரம்பித்தார்கள்.

‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ என்னிடம் முதலில் கேசட்டாகத்தான் இருந்தது. பக்கத்துக்கு நான்கு பாட்டு. வாக்மேனில் பாட்டைத் தாண்டி ஓட்டினால் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகவே பிடிக்காத பாட்டு என்றாலும் கேட்டுத்தான் தீரவேண்டும். அந்தக் கேசட்டில் அப்படி ஓட்டத் தோன்றிய இடமே கிடையாது.

ஆல்பத்தின் பெயர் கொண்ட பாட்டு எட்டரை நிமிடம். மூன்றரை நிமிடம் வெறித்தனமாக ஓடிவிட்டு எல்லாம் நின்று, மின்னொலியின் கரகரப்பே இல்லாத கிட்டார் மட்டும் மிஞ்சும். அதன்மேல் வரும் நிதானமான சோலோவை (தனிக் கிட்டார் வாசிப்பை) வாசிப்பது முதன்மை கிட்டாரிஸ்ட் கிர்க் ஹேமட் அல்ல, பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட். பிறகு கனமான ரிஃப் ஒன்று மெல்ல ஏறி வர, அதன் தலையில்தான் ஹேமட்டின் வேகமான சோலோ வந்து உட்காரும். பழைய ரிஃப் திரும்ப வரும்போது நாம் எங்கே போயிருந்தோம் என்பதே மறந்திருக்கும். இதில் எந்த 20 நொடியை எடுத்தாலும் அடுத்தது வருவதற்குக் காரணமில்லாமல் போய்விடும். எட்டரை நிமிடம் என்பதைக் கடிகாரம் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஆக, நீளமான பாட்டு என்றாலே குற்றம் என்று நான் சொல்லவரவில்லை.

1988-இன் ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ 65 நிமிடம், இரண்டு எல்.பி. ஆரம்பம் இங்கேதான் என்று சொல்வேன். ‘ஒன்’ பாட்டை விட்டுவிடுங்கள், அது தனி ரகம். ஆனால் ஆல்பத்தின் பெயர் கொண்ட பாட்டு பத்து நிமிடத்தைத் தொடுகிறது; ரிஃப்பை நான்கு முறை வாசித்து, கொஞ்சம் திருப்பி, மறுபடி நான்கு முறை. போதாததற்கு பர்ட்டனுக்குப் பிறகு வந்த ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸ் கிட்டார் காதிலேயே விழாது. அடியில் ஒன்றுமே இல்லாமல் கிட்டாரும் டிரம்ஸும் மட்டும் வறட்டு வறட்டென்று போகும். 2018-இல் ரீமாஸ்டர் செய்து பெரிய பெட்டியாக வெளியிட்டார்கள். பேஸை ஏற்றிவிட்டிருப்பார்கள் என்று நம்பி வாங்காதீர்கள், ஏற்றவில்லை.

அந்த நீளம் அவர்களுக்கே அலுத்துவிட்டது. கச்சேரியில் அந்தப் பாட்டு முடிவதற்குள் கூட்டம் சோர்ந்துபோனதைப் பார்த்துத்தான் பாணியை மாற்றினோம் என்று ஹேமட்டே பிற்பாடு சொல்லியிருக்கிறார். கறுப்பு ஆல்பத்துக்குத் தயாரிப்பாளராக பாப் ராக் வந்தார். நால்வரையும் ஒரே அறையில் சேர்ந்து வாசிக்க வைத்தார். ஹெட்ஃபீல்டை உண்மையாகவே பாட வைத்தார். ‘என்டர் சாண்ட்மேன்’ ஐந்தரை நிமிடத்தில் முடிந்துவிடும், ஒரே ரிஃப்பின் மேல் நிற்கும். அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கு மேல் விற்ற ஆல்பம் அது. காசுக்காக விலைபோனார்கள் என்ற புலம்பல் எனக்கு அன்றும் ஏறவில்லை, இன்றும் ஏறவில்லை. சிக்கனமாகச் செய்த வேலை. அவ்வளவுதான்.

பிறகு வந்தது ‘லோட்’. அதே பாப் ராக்தான் தயாரிப்பாளர், ஆகவே ஆளை மட்டும் வைத்து எதுவும் விளங்காது. என்ன வித்தியாசம் என்றால் இப்போது இவர்கள் உலகின் மிகப் பெரிய இசைக்குழுக்களில் ஒன்று, வேண்டாம் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? ஒரே வீச்சில் இரட்டை ஆல்பமாக நினைத்த பாட்டுகள் 1996-இல் ‘லோட்’, 1997-இல் ‘ரீலோட்’ என்று இரண்டு தவணையாக வந்தன. மொத்தம் 27 பாட்டு. ‘லோட்’ ஆல்பத்தின் கடைசிப் பாட்டான ‘தி அவுட்லா டார்ன்’ முழுதாகப் போட்டால் சிடி-யில் இடம் போதவில்லை. ஒரு நிமிடத்தைக் குறைத்து 9 நிமிடம் 48 நொடியாகப் போட்டார்கள். முழு வடிவம் அடுத்த வருடம் ஒரு சிங்கிளில், ‘உற்பத்திக் கட்டுப்பாடுகள் இல்லாத வடிவம்’ என்ற பொருளில் ஒரு பெயரோடு வெளிவந்தது. அந்த இரண்டு ஆல்பங்களிலேயே சிறந்த பாட்டு என்று நான் நினைப்பதில் கை வைத்திருக்கிறார்கள்! அதற்கு முன்னால் இருக்கிற பதின்மூன்றில் இரண்டைத் தூக்கியிருந்தால் போதும், பிரச்சினையே இல்லை.

முடி வெட்டியது, கண்ணுக்கு மை தீட்டியது பற்றியெல்லாம் எனக்கு ஒன்றும் இல்லை.

இந்த இரண்டு ஆல்பத்தையும் வைத்துக்கொண்டு நான் செய்தது, ‘அன்டில் இட் ஸ்லீப்ஸ்’, ‘கிங் நத்திங்’, ‘ப்ளீடிங் மீ’, ‘ஃப்யூயல்’, ‘த மெமரி ரிமெய்ன்ஸ்’, ‘ஃபிக்ஸர்’, கடைசியில் ‘தி அவுட்லா டார்ன்’ என்று ஒரு பட்டியல் போட்டது. மொத்தம் 45 நிமிடம் வரும். பல வருடமாக என் போனில் இருக்கிறது. மெட்டாலிக்கா 1996-இல் சரிந்துவிட்டது என்று சொல்பவர்களிடம் இதைப் போட்டுக் காட்டியிருக்கிறேன், பாதிப் பேர் வாயடைத்துப்போவார்கள். மற்ற பாதி இது மெட்டலே இல்லை என்பார்கள். அதுவும் சரிதான்.

 

2003-இன் ‘செயின்ட் ஆங்கர்’ பற்றி எல்லோரும் பேசுவது அந்த ஸ்னேர் டிரம்மைத்தான். அடியில் இருக்கும் கம்பிகளைத் தளர்த்திவிட்டு டிரம்மர் லார்ஸ் உல்ரிக் வாசித்ததால் டணார் டணார் என்று தகரச் சத்தம். அக்கா பையன் ஒருவன் ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ கேட்டுவிட்டு 2022-இல் இந்தக் குழுவுக்குள் வந்தான். வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனவன் இந்த ஆல்பத்தில் இயர்போனைக் கழற்றி, “மாமா, இது டிரம்ஸா, இல்ல யாராவது குடத்தப் போட்டுத் தட்டறாங்களா?” என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு அந்தச் சத்தம்கூடப் பழகிவிட்டது. பழகாதது வேறு. அந்த ஆல்பத்தின் பாட்டுகள் ஸ்டூடியோவில் சும்மா வாசித்துப் பதிந்த துண்டுகளைக் கணினியில் ஒட்டி ஒட்டிச் செய்தவை. அது எப்படி உருவானது என்பதை 2004-இல் வந்த ‘சம் கைண்ட் ஆஃப் மான்ஸ்டர்’ ஆவணப்படத்தில் பார்க்கலாம். நியூஸ்டெட் விலகிவிட்டார். ஹெட்ஃபீல்ட் மது மறுவாழ்வு சிகிச்சைக்குப் போய்த் திரும்பியிருக்கிறார், மதியம் 12 முதல் 4 வரைதான் வேலை செய்வேன் என்கிறார். மாதம் 40,000 டாலர் வாங்கிக்கொண்டு ஒரு மனநல ஆலோசகர் கூடவே உட்கார்ந்திருக்கிறார். யார் மனமும் புண்படக் கூடாது என்று மிஞ்சிய மூவரும் பாப் ராக்கும் சேர்ந்து வரிகள் எழுதுகிறார்கள். ஆல்பம் முழுக்க ஒரு கிட்டார் சோலோகூட வேண்டாம் என்று முடிவாகிறது. சோலோ இல்லாமல் இருப்பதுதான் இதை இந்தக் காலத்துச் சரக்கு என்று காட்டிக்கொடுத்துவிடும் என்று ஹேமட் மன்றாடுகிறார், எடுபடவில்லை. வெட்டவேண்டியதை எல்லாம் வைத்துக்கொண்டு, வைத்திருக்கவேண்டிய ஒன்றை வெட்டினார்கள். படம் பிரமாதம், ஆல்பத்தைவிட அதை அதிகம் முறை பார்த்திருக்கிறேன்.

வெட்டுவது என்றால் என்ன என்பதற்கு இன்னொரு மெட்டல் குழுவான ஸ்லேயரின் ‘ரெய்ன் இன் ப்ளட்’ போதும். 1986, பத்துப் பாட்டு, மொத்தம் 29 நிமிடம். கேசட்டில் முழு ஆல்பத்தையும் இரண்டு பக்கமும் போட்டிருந்தார்கள், அந்தப் பக்கம் முடிந்தால் திருப்பிப் போட்டு மறுபடி முதலிலிருந்து. அதைத் தயாரித்தவர் ரிக் ரூபின். அதே ரிக் ரூபின் 2008-இல் மெட்டாலிக்காவுக்குத் தயாரித்த ‘டெத் மேக்னெடிக்’ 75 நிமிடம். அதில் பத்து நிமிட வாத்திய இசை ஒன்று இருக்கிறது, ‘சூசைட் அண்ட் ரிடெம்ப்ஷன்’. 1986-இல் இதே குழு போட்ட ‘ஓரியன்’ என்ற வாத்திய இசையை முதலில் கேட்டுவிட்டு இதைக் கேளுங்கள். ‘ஓரியன்’ பாதியில் வேகம் தணிந்து பர்ட்டனின் பேஸுக்கு வழிவிடும் இடத்தில் எனக்கு இன்றும் மயிர்க்கூச்செடுக்கும். புதியதில் ஒரு ரிஃப் முடிந்து இன்னொன்று, அது முடிந்து இன்னொன்று.

‘டெத் மேக்னெடிக்’ ஆல்பத்துக்கு இன்னொரு கேடும் உண்டு. சத்தத்தை ஏற்றிய ஏற்றில் ஒலி உடைந்தே போய்விட்டது. நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால் அடி விழும் இடமெல்லாம் கரகரக்கும், அரைமணியில் தலை வலிக்கும். ‘கிட்டார் ஹீரோ’ விளையாட்டில் இதே பாட்டுகள் உடையாமல் ஒலித்ததை ரசிகர்கள் ஒப்பிட்டுப் பார்த்துப் பெரிய ரகளை செய்தார்கள். மாஸ்டரிங் (வெளியிடும் முன் கடைசி ஒலிச் சீரமைப்பு) செய்த டெட் ஜென்சன், என் கைக்கு வரும்போதே அப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிட்டார். பாட்டுகள் என்னவோ ‘செயின்ட் ஆங்கரை’விட எவ்வளவோ மேல்.

2011 அக்டோபர் 30, பெங்களூர் அரண்மனை மைதானம். இரண்டு நாள் முன்னால் டெல்லி பக்கத்தில் நடக்கவேண்டிய கச்சேரி ரத்தாகியிருந்ததால் இதுவும் நடக்குமா என்ற பயத்தோடுதான் சென்னையிலிருந்து போனோம். நடந்தது. ஆயிரக்கணக்கான தொண்டைகள் சேர்ந்து பாடியவை எல்லாம் பழைய ஆல்பங்களின் பாட்டுகள்தான். சரிந்துவிட்ட குழு என்று மேடையைப் பார்த்து யாரும் சொல்லியிருக்க முடியாது. மறுநாள் ராக் பாடகர் லூ ரீடோடு சேர்ந்து செய்த ‘லூலூ’ வெளியானது. 87 நிமிடம். கடைசிப் பாட்டு மட்டும் 19 நிமிடம். ஒருமுறை முழுதாகக் கேட்டிருக்கிறேன், அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

எல்லாக் குழுவுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. ஸ்வீடனின் இன் ஃப்ளேம்ஸ் 1996-இல் போட்ட ‘த ஜெஸ்டர் ரேஸ்’ 40 நிமிடம்தான், பிந்தைய ஆல்பங்களும் அளவில் பெரிதாக ஊதவில்லை. ஆனால் இரட்டைக் கிட்டார் இசைந்து போகும் அந்த அழகு மெல்ல மெல்லத் தேய்ந்தது. அந்தக் குழுவைத் தொடங்கிய யெஸ்பர் ஸ்ட்ரம்பிளாட் 2010-இல் விலகினார். அங்கே வியாதி வேறு. அயர்ன் மெய்டனுக்கோ அசல் மெட்டாலிக்கா வியாதி. 1998-இல் பிளேஸ் பேய்லி பாடிய ‘தி ஏஞ்சல் அண்ட் த கேம்ப்ளர்’ பத்து நிமிடம் ஓடும், அதே பல்லவி திரும்பத் திரும்ப, நிறுத்தச் சொல்லிக் கெஞ்சத் தோன்றும். பழைய பாடகர் புரூஸ் டிக்கின்சன் திரும்பி வந்து 2000-இல் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ போட்டதும் மூச்சு வந்தது. பிறகு மறுபடி நீளம். 2015-இன் ‘த புக் ஆஃப் சோல்ஸ்’ 92 நிமிடம்.

மெட்டாலிக்கா கடைசியாக ஆல்பம் போட்டது 2023-இல், ‘72 சீசன்ஸ்’. 12 பாட்டு, 77 நிமிடம். வந்த வாரம் தினமும் ஓடியது, இப்போது எப்போதாவது. அப்போது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த ஹெட்ஃபீல்டின் வலதுகை இதிலும் இயந்திரம் போலத்தான் ஓடுகிறது, நியூஸ்டெட்டுக்குப் பின் வந்த ட்ருஹியோவின் பேஸ் தெளிவாகக் கேட்கிறது. இருந்தாலும் நடுவில் வருகிற பாட்டுகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துச் சொல்லச் சொன்னால் திணறுவேன். கடைசிப் பாட்டு ‘இனமொராட்டா’ 11 நிமிடம், இவர்கள் தனியாகப் போட்ட சொந்தப் பாட்டுகளிலேயே நீளமானது. நடுவே எல்லாம் அடங்கி பேஸ் மட்டும் நடக்கிற இடம் ஒன்று உண்டு. அந்தப் பாட்டில் ஒரு நொடியைக்கூட வெட்ட விடமாட்டேன். மற்ற பதினொன்றிலிருந்து அரைமணி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை.