மூன்று மொழிப் பலகைக்குத் தடித்த செரிஃப்: நோட்டோவா, டிரோவா, அனெக்கா?

தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் வரும் பெயர்ப்பலகையில், ஆங்கிலப் பெயருக்கு அப்ரில் ஃபேட்ஃபேஸ் என்ற கனத்த எழுத்துருவைத் தேர்ந்துவிட்டு, "தமிழும் இதே மாதிரி வரட்டும்" என்று வாடிக்கையாளர் கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. லத்தீன் எழுத்தின் காலடியில் இருக்கும் செரிஃப் என்ற சிறு முனைக்கோடு தமிழ் எழுத்துக்கு இயல்பாக இல்லை. தமிழில் செரிஃப் என்று பெயர் பெறும் எழுத்துருக்களின் அடையாளம் தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் உள்ள வேறுபாடுதான். ஆகவே பலகைக்கு எழுத்துருத் தேடுகிறவர் முதலில் மெல்லிய கோட்டை அளக்க வேண்டும். அடுத்து, எழுத்தின் வயிற்றுக்குள் மிஞ்சும் வெள்ளை இடத்தை.

சோதிக்கத் திருகோணமலைப் பக்கத்து நம்மூர்ப் பெயர்களே போதும். 'கிண்ணியா'வில் இரண்டு ண அடுத்தடுத்து நிற்க, ஒன்றின் குற்றும் (மேற்புள்ளி) மற்றதன் விசிறியும் (இகரக் குறி) மேலே நெருங்கும். 'மூதூர்' கீழே சுழித்து மேலே குற்றோடு முடியும். 'திருக்கோணேஸ்வரம்' கிரந்த எழுத்தையும் (ஸ்) எழுத்துக்கு முன்னால் நிற்கும் கொம்பையும் (ே) ஒன்றாகக் காட்டும். இந்த மூன்றும் தெளிவாக நின்றால் மற்றவை நிற்கும்.

நோட்டோ செரிஃப் தமிழ் 100 முதல் 900 வரை தடிப்பு உள்ளது; எண் கூடக் கூடக் கோடு தடிக்கும். இதன் பெரிய பலம் குடும்பம்: நோட்டோ செரிஃப் சிங்களமும் ஆங்கில நோட்டோ செரிஃபும் அதே தடிப்பு வரிசையில் கிடைப்பதால், மூன்று மொழியும் ஒரே கையால் எழுதியதுபோல் நிற்கும். 900இல் ண, ஞ, இ ஆகியவற்றின் சுழிகளுக்கு இடையே வெளி ஒடுங்கிவிடும். சிறிய பலகையில் 700 அல்லது 800 போதும். 900தான் வேண்டுமென்றால் எழுத்திடைவெளியைச் சற்றுக் கூட்டுங்கள். அப்ரிலின் மினுக்கு இதில் கிடையாது. பலகைக்கு அது குறையே இல்லை.

டிரோ தமிழ் மூன்றிலும் வடிவழகு மிக்கது. ஆனால் சாதாரணமும் சாய்வும் மட்டுமே உண்டு, தடித்தது இல்லை. இங்கேதான் பலர் கெடுக்கிறார்கள். கோரல்டிரா மென்பொருளில் எழுத்தைத் தடிப்பாக்க 3 மி.மீ. அவுட்லைன் (சுற்றுக்கோடு) கொடுத்தால் பாதி வெளியேயும் பாதி உள்ளேயும் போகும். சுழியின் இரண்டு சுவரும் உள்ளே 1.5 மி.மீ. வீதம் வளர, வெள்ளை இடத்தில் 3 மி.மீ. போய்விடும். மெல்லிய கோடும் தடித்த கோடும் ஒரே அளவு வீங்குவதால், எந்த வேறுபாட்டுக்காக டிரோவைத் தேர்ந்தோமோ அதுவே மங்கிவிடும். கோயில் திருவிழா அழைப்பிதழுக்கும் புத்தக அட்டைக்கும், தடிப்பேற்றாமல் பெரிதாகப் போடுங்கள். அங்கே அதற்கு ஈடில்லை.

அனெக் தமிழ் செரிஃப் அல்ல. இருந்தும் இந்த ஒப்பீட்டில் வருவதற்குக் காரணம் அதன் அகல அளவு: 75 முதல் 125 சதவீதம் வரை மாற்றலாம். 'திருகோணமலை' ஒடுங்கிய பலகையில் அடங்காதபோது, மற்ற எழுத்துருக்களைப் பிடித்து நசுக்கினால் நிமிர்ந்த கோடுகள் மெலிந்து படுத்த கோடுகள் அப்படியே இருக்கும். அனெக்கில் அந்தக் கோணல் வராது. தடிப்பு 800 வரை. கனத்த செரிஃப் ஆங்கிலத்தோடு சரிசமமாக நிறுத்தினால் ஒட்டாது. ஆங்கிலம் சிறிதாக இருந்தால் பரவாயில்லை.

ஆங்கிலப் பக்கம். கனத்த செரிஃப் வகை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் சுவரொட்டிகளுக்காக வளர்ந்தது. காகிதத்தில் மை தாங்கும் மயிர்க்கோட்டை, பலகைக்கு வெட்டி ஒட்டும் வைனில் (பிளாஸ்டிக் தாள்) தாங்காது. அப்ரிலிலும் பிளேஃபெயர் டிஸ்பிளே 900இலும் அந்தக் கோடு 2 மி.மீ.க்குக் கீழே வந்தால், வேண்டாத பகுதியை உரிக்கும்போதே கையோடு வரும். ஒட்டினாலும் கடற்காற்று ஓரத்தைத் தூக்கும். ஃபிரான்ஸஸ் 900 நல்ல மாற்று. அதில் ஆப்டிகல் சைஸ் (அச்சளவுக்கு ஏற்ப எழுத்தின் வடிவை மாற்றும் அமைப்பு) 9 முதல் 144 வரை நகரும். கீழே இறக்க இறக்க மெல்லிய கோடு தடிக்கும். நோட்டோ 800க்குப் பக்கத்தில் இதுவே பொருந்துகிறது.

வெட்டக் கொடுக்குமுன் சில வேலைகள். தடிப்பை நகர்த்தும் வேரியபிள் எழுத்துருவில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். வளைவுகளாக மாற்றி 'வெல்ட்' செய்யாவிட்டால் (ஒரே உருவாக இணைக்காவிட்டால்) கட்டர் எழுத்தின் நடுவிலும் கீறிவிடும். பாமினி என்ற பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டிய பெயரை யூனிகோடுக்கு மாற்றாமல் நோட்டோவைப் போட்டால் ஆங்கிலக் குப்பைதான் வரும். பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' என்ற அமைப்பைத் தேர்ந்திருக்கவில்லையென்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கோணேஸ்வரம் என்ற பெயரே சிதையும். தமிழ் வரிகளுக்கு இடைவெளியை எழுத்தளவில் 130 முதல் 140 சதவீதம் வையுங்கள். இல்லையேல் மேல் வரியின் ரு கீழ் வரியின் குற்றை முட்டும்.

உயரத்துக்கு நடைமுறைக் கணக்கு: 3 மீற்றர் தூரத்துக்கு 25 மி.மீ. வீதியின் எதிர்ப்பக்கம் 12 மீற்றர் என்றால் 100 மி.மீ. இதை விசிறியோடு சேர்த்து அளக்காதீர்கள்; ப என்ற எழுத்தின் உயரமே அளவு. நிலாவெளி வீதியில் ஓடும் வாகனத்திலிருந்து படிக்க வேண்டுமென்றால் இரட்டியுங்கள்.

உள்ளே விளக்கெரியும் பலகையில் வெள்ளை எழுத்து ஒளியால் வீங்கித் தெரியும். அங்கே ஒரு படி குறைத்து 700. வெளிச்சப் பின்னணியில் கறுப்பு எழுத்தென்றால் ஒளி மெல்லிய கோட்டைத் தின்னும். அங்கே ஒரு படி கூட்டுங்கள். பணம் கட்டுமுன் 'ண்ணி' என்பதை மட்டும் உண்மை அளவில் தாளில் எடுத்து, பலகை வரப்போகும் இடத்தில் ஒட்டி, எதிர்ப்பக்கத்திலிருந்து பகலில் ஒரு முறையும் பொழுதுபட்ட பின் ஒரு முறையும் பாருங்கள்.