80 சதவீதத்தோடு நிறுத்துவதா, முழுசா ஏற்றுவதா? போன் பேட்டரிக்கு எது லாபம்

புது போன் கைக்கு வந்ததும் பலருக்கும் எழும் கேள்வி இது. செட்டிங்ஸில் 80% வரம்பு என்று ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டுவிடலாமா? இல்லை, போனே பார்த்துக்கொள்ளட்டும் என்று அடாப்டிவ் சார்ஜிங்கில் விட்டுவிடலாமா? இரண்டும் வேண்டாம், தினமும் 100% ஏற்றி நிம்மதியாகப் பயன்படுத்திவிட்டு, பேட்டரி தளர்ந்ததும் புதுசு மாற்றிக்கொள்ளலாமா? நான் பதிலுக்கு ஒன்றுதான் கேட்பேன்: இரவு படுக்கப்போகும்போது உங்கள் போனில் எவ்வளவு சார்ஜ் மிச்சம் இருக்கிறது?

ஏன் அதைக் கேட்கிறேன் என்றால், பேட்டரி தேயும் விதம் அப்படி. லித்தியம் அயனி பேட்டரிக்குள் கிராபைட் மின்முனையின் மேல், முதல் சில சார்ஜிலேயே ஒரு மெல்லிய படலம் படிந்துவிடும். அது இல்லாவிட்டால் பேட்டரி உழைக்காது. ஆனால் அந்தப் படலம் அதோடு நிற்பதில்லை, வருடக்கணக்கில் மெல்ல மெல்லத் தடித்துக்கொண்டே போகும், தடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் லித்தியத்தை விழுங்கும், விழுங்கியது திரும்ப வராது. கொள்ளளவு குறைவதற்கு முக்கியக் காரணம் இதுதான். இதை வேகப்படுத்துபவை சூடும் உயர்ந்த மின்னழுத்தமும். 100% காட்டும்போது செல் தன் உச்ச மின்னழுத்தத்தில், இப்போதைய பல போன்களில் சுமார் 4.4 வோல்ட்டில், நிற்கிறது. அந்த நிலையில் போனைத் தொடாமல் மேசையில் வைத்திருந்தாலும் தேய்மானம் நடக்கும்.

இப்போது 80% வரம்பை எடுத்துக்கொள்வோம். மின்னழுத்தம் உச்சத்துக்குப் போகாததால் பேட்டரி நீடிக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: 5000 எம்ஏஎச் பேட்டரியை 80 சதவீதத்தோடு நிறுத்தினால் கையில் இருப்பது 4000. முழுசாக ஏற்றுகிறவர் இதே 4000-க்கு இறங்கிவரப் பல நூறு சார்ஜ் சைக்கிள் ஆகும். (இன்று 60 சதவீதம், நாளை 40 சதவீதம் செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சைக்கிள்.) ஐபோன் 14 வரையிலான மாடல்கள் 500 சைக்கிளுக்குப் பிறகும், ஐபோன் 15 முதல் 1000 சைக்கிளுக்குப் பிறகும் தொடக்கக் கொள்ளளவில் 80% தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்று ஆப்பிள் சொல்கிறது, உகந்த சூழலில் என்ற நிபந்தனையோடு. அப்படியானால், வருடங்கள் கழித்து வரப்போகும் நஷ்டத்தை முதல் நாளே வாங்கி மடியில் கட்டிக்கொள்கிறோம். நாள் முடிவில் 40, 50 சதவீதம் மிச்சம் வைக்கிறவருக்கு இது நஷ்டமே இல்லை, அவர் கண்ணை மூடிக்கொண்டு வரம்பைப் போடலாம். சாயங்காலமே 10 சதவீதத்தில் திண்டாடுகிறவருக்கு இது வீண் வதை.

வரம்பின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். பயணம் போகும் நாளில் வரம்பை எடுத்துவிட்டு 100 ஏற்றிக்கொள்ளலாம். தேய்ந்துபோன பேட்டரியில் அந்த வழியே கிடையாது. அதோடு, தேய்மானத்தில் கொள்ளளவு பாதிக் கதைதான், உள் மின்தடை ஏறுவது மீதிக் கதை. பழைய போனில் 25% காட்டிக்கொண்டிருக்கும், ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுப்பீர்கள், அப்படியே சுவிட்ச் ஆஃப் ஆகிவிடும். சார்ஜரில் செருகி ஆன் செய்தால் மறுபடி 20-க்கு மேல் காட்டும். சார்ஜ் உள்ளேதான் இருக்கிறது, ஒரே நேரத்தில் அவ்வளவு மின்சாரம் கேட்டதும் மின்னழுத்தம் சரிந்துவிடுகிறது. இப்படி அணைந்துபோகாமல் இருக்கத்தான் பழைய ஐபோன்களின் வேகத்தை ஆப்பிள் குறைத்தது. 2017 டிசம்பரில் அதை ஒப்புக்கொண்டது, 2018-இல் ஐஓஎஸ் 11.3-உடன், பேட்டரியின் மிச்சக் கொள்ளளவைச் சதவீதத்தில் காட்டும் பேட்டரி ஹெல்த் பக்கம் வந்தது.

அடாப்டிவ் சார்ஜிங் இரண்டுக்கும் நடுவில். ராத்திரி 11 மணிக்குச் செருகினால் ஒன்றரை மணி நேரத்தில் 100 ஆகி, காலை 6 வரை உச்சத்திலேயே கிடக்கும். அடாப்டிவ் போட்டிருந்தால் 80-இல் நின்று, நீங்கள் எழும் நேரத்தை ஒட்டித்தான் மீதியை ஏற்றும். தினம் சில மணி நேர உச்ச மின்னழுத்தம் மிச்சம், முழு பேட்டரியும் கையில். ஒரே நேரத்தில் தூங்கி எழுகிறவர்களுக்கு இதைத்தான் சிபாரிசு செய்வேன். ஷிப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர்களின் பழக்கத்தைப் பிடிக்க அது தடுமாறும். அவர்களுக்கு 90 சதவீத வரம்பு வசதி, போனில் அந்தத் தேர்வு இருந்தால்.

பாஸ்ட் சார்ஜிங் பற்றிய பயம் கொஞ்சம் அதிகம்தான். பாதிவரை வேகமாக ஏற்றிவிட்டு அதன்பின் போனே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கவனிக்க வேண்டியது சூட்டை. வரம்பு 80 போட்டுவிட்டு, வெயில் விழும் காரின் முன்பக்கம் மேப் ஓடவிட்டு சார்ஜும் போடுகிறவரின் பேட்டரியைவிட, குளிர்ந்த அறையில் தினமும் 100 ஏற்றுகிறவரின் பேட்டரி நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். வயர்லெஸ் சார்ஜரில் போன் சரியாகப் பொருந்தாமல் விலகி இருந்தாலும் இதே சூடுதான்.

சரி, கவலைப்படாமல் ஓட்டிவிட்டு பேட்டரியை மாற்றும் வழி? எனக்குப் பிடித்தது இதுதான், ஒரு நிபந்தனையோடு: போனுக்கு இன்னும் இரண்டு வருடமாவது பாதுகாப்பு அப்டேட் வர வேண்டும். அப்டேட் நிற்கப்போகும் போனுக்குப் புது பேட்டரி போடுவது வீண் செலவு. போனுக்கு இன்னும் ஆயுள் இருந்தால், புது போனுக்கு ஆகும் செலவில் சிறு பங்கிலேயே, போன வேகமும் நாள் முழுக்க நிற்கும் சார்ஜும் திரும்பக் கிடைக்கும். மாற்றும் முடிவை ஹெல்த் எண்ணைப் பார்த்து எடுக்காதீர்கள், அது போன் போடும் மதிப்பீடு, ஒன்றிரண்டு சதவீதம் திடீரென்று இறங்கும், சில நாள் அசையாமல் நிற்கும். திடீர் சுவிட்ச் ஆஃபும் மத்தியானமே தீரும் சார்ஜும்தான் சரியான அறிகுறி.

பின்மூடி தூக்கிக்கொண்டோ திரை ஓரத்தில் இடைவெளி விட்டோ இருந்தால் மட்டும் யோசிக்கவே வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கிறது. ஹெல்த் 90 காட்டினாலும் அதோடு சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள், அழுத்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், குத்தவும் கூடாது, அணைத்து வைத்து சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.