ரீட் பணத்தை நம் கையில் தரட்டுமா, தன் யூனிட்டையே வாங்கட்டுமா?

கொஞ்ச நாளைக்கு முன், புளோக்குக்குக் கீழே இருக்கும் ஏடிஎம்மில் வரிசையில் நின்று ரைட்ஸுக்கு, அதாவது ஏற்கெனவே யூனிட் வைத்திருப்பவர்களுக்கே விற்கும் புது யூனிட்டுக்கு, பணம் கட்டினேன். நான் வைத்திருந்த ஒரு ரீட் (பலரிடம் பணம் திரட்டிக் கட்டடங்களை வாங்கி, வாடகையைப் பிரித்துக் கொடுக்கும் நிதியம்; அதில் நம் பங்குதான் யூனிட்), 100 யூனிட்டுக்கு 15 என்று புது யூனிட் வெளியிட்டிருந்தது. விலை 80 காசு. வீட்டுக்கு வந்து அதன் பழைய அறிவிப்புகளைப் புரட்டியபோதுதான் வயிறு எரிந்தது. அதே ரீட் சில வருடங்களுக்கு முன் தன் யூனிட்டைச் சந்தையில் 1.10 வெள்ளிக்கு மேல் கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கிறது. 1.10-க்கு வாங்கி என்னிடமே 80 காசுக்கு விற்கிறார்கள். இடையில் போன 30 காசும் என்னைப் போன்றவர்களுடையதுதான்.

அதனால் இந்த வருடம் நிரந்தர வைப்பு ஒன்று முதிர்ந்தபோது, வருகிற வருமானத்தையெல்லாம் அப்படியே பிரித்துக் கொடுக்கும் ரீட்டில் போட்டேன். என் மச்சான் அதே நேரத்தில், யூனிட்டைத் திரும்ப வாங்கப்போவதாக அறிவித்த இன்னொன்றில் போட்டான். “அத்தான், யூனிட் குறைஞ்சா நம்ம பங்கு கூடுதே, அப்புறம் என்ன?” என்று கேட்டான். நியாயமான கேள்விதான்.

எல்லாருக்கும் தெரிந்ததை நீட்ட வேண்டாம். ஈவு கொடுத்தால் பணம் வங்கிக் கணக்கில் வந்து விழும். 10,000 யூனிட்டுக்கு அரையாண்டுக்கு 2.5 காசு என்றால் 250 வெள்ளி. யூனிட்டைத் திரும்ப வாங்கினால் கையில் எதுவும் வராது, ஆனால் மீதமுள்ள ஒவ்வொரு யூனிட்டுக்கும் பங்கு கூடும்.

வரிக் கணக்குதான் பல நாடுகளில் திரும்ப வாங்குவதற்குப் பெரிய வாதம். சிங்கப்பூரில் அது எடுபடாது. தனிமனிதராக இங்குள்ள ரீட்டை வைத்திருந்தால் ஈவுக்கும் வரி இல்லை, விற்று வரும் லாபத்துக்கும் வரி இல்லை. அமெரிக்க ரீட்டை இங்கிருந்து வாங்குபவருக்குக் கதை வேறு. அங்கே ஈவில் 30 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். அவர் திரும்ப வாங்கும் ரீட்டைத் தேடிப் போனால் நான் குறை சொல்லமாட்டேன்.

என் முடிவு நின்றது ஒரே ஒரு கேள்வியில். திரும்ப வாங்கப் பணம் எந்தப் பையிலிருந்து வருகிறது?

சாதாரண நிறுவனம் சம்பாதித்த லாபத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்திருக்கும். விலை சரியும்போது அதை எடுத்துத் தன் பங்கை வாங்கும். ரீட்டால் அப்படி முடியாது. வரிச் சலுகை வேண்டுமென்றால் வரிக்குரிய வருமானத்தில் குறைந்தது 90 விழுக்காட்டை அது பிரித்துக் கொடுக்க வேண்டும். பல ரீட்டுகள் முழுவதையும் கொடுத்துவிடுகின்றன. மிச்சம் இருப்பது இரண்டு பைதான்: கட்டடம் விற்ற காசு, இல்லை கடன்.

கடன் வாங்கி யூனிட்டை வாங்கினால் என்ன ஆகும் என்று ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். ரீட்டின் சொத்து 100 கோடி வெள்ளி, கடன் 40 கோடி, யூனிட் எண்ணிக்கை 60 கோடி என்று வைத்துக்கொள்வோம். யூனிட்டின் சொத்து மதிப்பு (கடன் போக மீதியில் ஒரு யூனிட்டின் பங்கு) 1 வெள்ளி, சந்தையில் விலை 70 காசு, வருட ஈவு 5 காசு. 4 விழுக்காட்டு வட்டிக்கு 3.5 கோடி கடன் வாங்கி, 5 கோடி யூனிட்டைத் திரும்ப எடுக்கிறார்கள். ஈவு 5 காசிலிருந்து 5.2 காசாகிறது. சொத்து மதிப்பு 1.027 வெள்ளி. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 10,000 யூனிட் வைத்திருக்கும் எனக்கு வருடத்துக்குக் கூடுதலாகக் கிடைப்பது 20 வெள்ளி. குடும்பத்தோடு போய் ஒரு மீன் தலைக் கறி சாப்பிடக்கூடக் காணாது.

அந்த 20 வெள்ளிக்காக கியரிங், அதாவது சொத்தில் கடனின் பங்கு, 40-லிருந்து 43.5 விழுக்காடாக ஏறுகிறது. இப்போது கட்டடங்களின் மதிப்பு 10 விழுக்காடு இறங்கட்டும். புதுக் கடன் எதுவும் வாங்காமலே கியரிங் 48.3 ஆகிவிடும். திரும்ப வாங்காமல் சும்மா இருந்திருந்தால் 44.4-இல் நின்றிருக்கும். சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் வரம்பு 50. 2024 நவம்பரில் விதியைத் திருத்தி எல்லா ரீட்டுக்கும் அதே 50, கூடவே வட்டியைப் போல் குறைந்தது 1.5 மடங்கு வருமானம் என்று வைத்தார்கள். 48-ஐத் தொட்ட ரீட் நிம்மதியாகத் தூங்காது. வங்கியும் தூங்க விடாது. அப்போதுதான் ரைட்ஸ் வரும், நாம் ஏடிஎம் வரிசையில் நிற்போம்.

கடன் இறுக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மேனுலைஃப் யுஎஸ் ரீட் இருக்கிறது. திரும்ப வாங்கியதால் அல்ல, அமெரிக்க அலுவலகக் கட்டடங்களின் மதிப்பு விழுந்ததால், 2023-இல் அது கடன் நிபந்தனையை மீறும் நிலைக்கு வந்தது. ஈவே நின்றுபோனது. திரும்ப வாங்கிவிட்டுப் பிறகு கையேந்திய கதைக்கு ஹாங்காங்கின் லிங்க் ரீட்டைப் பார்க்கலாம். 2023 பிப்ரவரியில் 5-க்கு 1 என்று 44.20 ஹாங்காங் டாலருக்கு ரைட்ஸ் அறிவித்தது, கிட்டத்தட்ட 1,880 கோடி ஹாங்காங் டாலர் திரட்ட. அதற்கு முந்தைய ஆண்டுகளில் அதைவிட நல்ல உயரமான விலைக்குத் தன் யூனிட்டைத் திரும்ப வாங்கியிருந்தது. அவ்வளவு பெரிய, நன்றாக நடக்கிற ரீட்டுக்கே இந்தக் கதி.

இன்னொரு வேடிக்கை உண்டு. இங்கே பல ரீட்டுகளின் மேலாளர்கள் தங்கள் கட்டணத்தில் ஒரு பகுதியைப் புது யூனிட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு கையால் யூனிட்டை வாங்கி ரத்து செய்துவிட்டு, மறு கையால் புதிதாக அச்சடிப்பது. ஆகவே திரும்ப வாங்கும் அறிவிப்பை விட்டுவிட்டு, ஆண்டறிக்கையில் மொத்த யூனிட் எண்ணிக்கையைப் போன வருடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். குறைந்திருந்தால்தான் குறைந்தது.

மச்சான் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. பணம் கட்டடம் விற்று வந்ததாக இருந்தால் என் வாதம் பாதி அடிபட்டுப்போகும். கெப்பல் ரீட் 2018-இல் ஓஷன் ஃபைனான்ஷியல் சென்டர் கட்டடத்தில் 20 விழுக்காட்டை விற்ற காலத்தில் யூனிட்டையும் திரும்ப வாங்கியது. கணக்கில் எழுதியிருக்கும் மதிப்புக்கு மேல் கட்டடத்தின் ஒரு பங்கை விற்று, சொத்து மதிப்புக்குக் கீழே தன் யூனிட்டை வாங்குவது நல்ல வியாபாரம். கியரிங் 35-க்குக் கீழே, விலை சொத்து மதிப்பைவிட 25 விழுக்காடாவது குறைவு, பணம் விற்பனையிலிருந்து என்று மூன்றும் சேர்ந்தால் நானும் கை தூக்குவேன். ஆனால் அப்படி மூன்றும் சேர்ந்த ஒரு ரீட்டை நான் வைத்திருந்ததில்லை. அதனால் அது கையில் இருக்கும்போது எப்படி இருக்கும் என்று அனுபவத்திலிருந்து சொல்ல முடியாது. அவன் வாங்கியது இப்போது 6 காசு ஏறியிருக்கிறது, என்னுடையது வாங்கிய விலையிலேயே நிற்கிறது என்பதையும் மறைக்கவில்லை.

போன மாதம் என் ரீட்டின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போயிருந்தேன். யூனிட் திரும்ப வாங்க அனுமதி கேட்கும் தீர்மானம் அங்கேயும் இருந்தது. ஒலிவாங்கி வந்ததும், வாங்கினால் எந்தப் பணத்தில் வாங்குவீர்கள் என்று கேட்டேன். “பொருத்தமான நேரத்தில் எல்லா வழிகளையும் பரிசீலிப்போம்” என்றார்கள். எதிர்த்து வாக்களித்துவிட்டு வெளியே வந்தேன். 97 விழுக்காட்டு ஆதரவோடு தீர்மானம் நிறைவேறியது. கறிபாப் சூடாக இருந்தது, இரண்டு எடுத்துக்கொண்டேன்.