பொடக்காலிக் கோழியும் கோடை ஈயும்: சில வருஷப் பயன்பாட்டு அனுபவம்

உடுமலைப் பக்கம் எங்கள் வீட்டுப் பொடக்காலியில், அதாவது கொல்லைப்புறத்தில், சிறுவிடை என்கிற நாட்டுக்கோழிகள் எப்போதும் இருபதுக்குக் குறையாமல் இருக்கும். பகலெல்லாம் மேயும், பொழுது சாய்ந்தால் தகரக் கூரை போட்ட கூண்டில் அடையும். சித்திரை பிறந்துவிட்டால் திண்ணையில் உட்கார்ந்து ஒரு வாய் காபி குடிக்க முடியாத அளவுக்கு ஈ மொய்க்கும். கடையில் விற்கிறது, அக்கம்பக்கத்தில் சொன்னது, வீடியோவில் பார்த்தது என்று பலதையும் சில கோடைகளாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். இப்போது யாராவது கேட்டால், முதலில் தண்ணீர்ப் பாத்திரத்தை மாற்றச் சொல்வேன். ஈப் பொறி வாங்குவதெல்லாம் அப்புறம்தான்.

வெயில் ஏற ஏறக் கோழி தண்ணீரை அதிகமாகக் குடிக்கும், எச்சமும் இளகிப் போகும். புது எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். ஈ முட்டை வைக்கத் தேடுவது இந்த ஈரத்தைத்தான். ஒரு ஈ ஒரு தடவைக்கு நூறு, நூற்றைம்பது முட்டை வரை வைக்கும், நம் ஊர் வெயிலில் அது புழுவாகி, கூட்டுப்புழுவாகி, ஈயாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். அதே எச்சம் இரண்டு நாளில் நன்றாகக் காய்ந்துவிட்டால் புழு பிழைக்காது.

எங்கள் வீட்டில் ஈ உற்பத்தியாகும் இடம் கூண்டுக்குள் இல்லை. தண்ணீர்ச் சட்டியைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மண் எப்போதும் நசநசவென்று இருக்கும். சட்டிக்கு அண்டையாக வைத்திருந்த செங்கல்லைப் புரட்டினால், அடியில் சிவப்பரிசியைக் கொட்டியதுபோலக் கூட்டுப்புழுக்கள் கிடந்தன. புழுவுக்கு ஈரம் வேண்டும், ஆனால் கூட்டுப்புழுவாக மாறும் நேரத்தில் பக்கத்தில் இருக்கும் காய்ந்த மறைவுக்கு ஊர்ந்து போய்விடும். அதனால் எச்சத்தை மட்டும் கிளறிப் பார்த்துவிட்டு "புழுவே இல்லையே" என்று விட்டுவிட முடியாது. செங்கல், சாக்கு, பலகை, கூண்டுக் கால் எல்லாவற்றுக்கும் அடியில் பார்க்க வேண்டும். செங்கல்லை எடுத்துப்போட்டதும் கோழிகள் ஓடி வந்து ஒன்று விடாமல் பொறுக்கித் தின்றுவிட்டன.

சட்டியை எடுத்துவிட்டு, மூடி போட்ட வாளியின் அடியில் நிப்பிள், அதாவது கோழி கொத்தினால் மட்டும் தண்ணீர் சொட்டும் சின்னக் குமிழ், பொருத்தித் தொங்கவிட்டேன். நாட்டுக்கோழிக்கு இது பழக நாளாகும். சட்டியும் பக்கத்திலேயே இருந்தால் நிப்பிளைத் திரும்பியே பார்க்காது. காலை வேளையில் சட்டியை எடுத்துவிட்டு, கூடவே இருந்து, நிப்பிள் நுனியை விரலால் தட்டித் தண்ணீர்ச் சொட்டைக் காட்டினால் முதலில் ஒரு பெட்டை கற்றுக்கொள்ளும், அதைப் பார்த்து மற்றவை வரும். வாளி நிழலில் இருக்க வேண்டும், சூடான தண்ணீரைக் கோழி குடிக்காது. எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு என்பதால் வருஷம் திரும்புவதற்குள் நிப்பிளில் உப்புப் படிந்து ஒழுக ஆரம்பித்துவிட்டது. ஒழுகும் நிப்பிள் சட்டியைவிட மோசம். கழற்றி ஒரு ராத்திரி வினிகரில் ஊறப்போட்டுக் கழுவினால் மறுபடி ஓடும். இரண்டாம் வருஷத்தில் சிலதை மாற்றத்தான் வேண்டியிருந்தது. அப்படியும், இத்தனையில் ஈக்காகச் செலவழித்த காசு முழுதாகப் பலன் கொடுத்தது இதில்தான்.

அடுத்தது அடையும் இடம். இராத்திரி முழுக்க ஒரே கொம்பில் உட்கார்ந்து ஒரே இடத்தில் போடுவதால் எச்சம் குவிவது அங்கேதான். கொம்புக்குக் கீழே ஒரு பழைய தகரத்தைப் போட்டு அதன்மேல் அடுப்புச் சாம்பலைத் தூவி வைக்கிறேன். விடிந்ததும் சுரண்டி எடுத்துவிடலாம், ஒட்டாது. கூண்டின் தரையில் முதலில் தேங்காய் நார்த்தூள் போட்டிருந்தோம். ஈரத்தை நன்றாகவே இழுக்கிறது, ஆனால் இழுத்ததை விடுவதில்லை. மேலே காய்ந்த மாதிரி தெரியும், கையை விட்டால் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். அதற்குக் கடலைத்தோல் (நிலக்கடலையின் மேலோடு) எவ்வளவோ மேல், காற்றோட்டம் இருக்கிறது, கோழியே கிளறிக் காயவைத்துவிடும். உமி நடுத்தரம். எதைப் போட்டாலும் வாரத்துக்கு இரண்டு முறை கிளறிவிட வேண்டும். பத்து நாளுக்கு ஒரு முறை என்றால் அதற்குள் ஒரு தலைமுறை ஈ பறந்துவிடும்.

நீற்றிய சுண்ணாம்புத் தூள் நல்ல துணை, ஆனால் அளவாக. ஈரமான எருவின்மேல் நிறையக் கொட்டினால் அம்மோனியா வாடை குப்பென்று கிளம்பி நம் கண்ணே எரிகிறது, தரையோடு தரையாக நிற்கும் கோழியின் கதியை யோசித்துப் பாருங்கள். ஈரத்தை வாரி எடுத்துவிட்டு, காய்ந்த தரையில் லேசாகத் தூவி, அதன்மேல் கடலைத்தோலைப் போடுவதுதான் எனக்குச் சரியாக வருகிறது. நீற்றாத சுட்ட சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், காலையும் கண்ணையும் பொசுக்கிவிடும்.

பொறிகளுக்கு வருகிறேன். தண்ணீர்ப் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே கருவாட்டுத் தலையும் கொஞ்சம் வெல்லத் தண்ணீரும் விட்டால் சாயங்காலத்துக்குள் கறுப்பாக நிறைந்துவிடும். பார்க்கத் திருப்தியாகத்தான் இருக்கும். ஆனால் கருவாட்டு வாசனைக்கு அதிகம் வருவது பளபளக்கும் பச்சை ஈதான். சோற்றுத் தட்டில் உட்காரும் சாம்பல் நிற வீட்டு ஈயும் விழுகிறது, அந்த அளவுக்கு இல்லை. பாட்டிலைக் கூண்டிலேயே கட்டினால் இல்லாத ஈயையும் நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த கதை. கூண்டையும் சமையற்கட்டையும் விட்டு நன்றாகத் தள்ளி, வெயில் படும் வேலியோரம் கட்டுங்கள். உள்ளே தண்ணீர் வற்றிவிட்டால் கருவாட்டிலேயே புழு வைத்துவிடும், இரண்டு நாளுக்கு ஒரு முறை பார்த்துக் கொட்டிப் புதைக்க வேண்டும். அந்த நாற்றத்தைச் சகிக்க முடிந்தவர்களுக்கு மட்டுமே இது.

பசை நாடா வேலை செய்கிறது, இடம் பார்த்துத் தொங்கவிட்டால். கூரையடிக் கயிற்றிலும் சட்டத்திலும் கரும்புள்ளி புள்ளியாக ஈ எச்சம் இருக்கும் இடம்தான் அது இராத்திரி தங்கும் இடம். அங்கே தொங்கும் நாடாவில் விழுகிற மாதிரி வேறு எங்கும் விழுவதில்லை. காற்றடித்துப் புழுதி படிந்தால் சீக்கிரமே பசை போய்விடும். பல்லியும் மாட்டிக்கொள்ளும், எனக்கு அது பிடிக்கவில்லை. கோழி எட்டாத உயரமாக இருக்கட்டும், இறக்கையில் ஒட்டினால் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

வேப்பிலைப் புகை சாயங்காலக் கொசுவுக்குச் சரி. ஈ அதற்குள் போய் அடைந்திருக்கும், குஞ்சுகளுக்கோ புகை ஆகாது. தண்ணீர் நிரப்பிய பாலித்தீன் பையைத் தொங்கவிட்டேன், அந்தப் பையின் மேலேயே ஈ உட்கார்ந்திருந்தது.

சீனி கலந்த விஷக் குருணை கடையில் கிடைக்கிறது. மேய்கிற கோழி இருக்கும் வீட்டில் அதற்கு இடமே இல்லை என்பது என் கட்சி. குருணையைப் பொறுக்காவிட்டாலும் செத்து விழுந்த ஈயைப் பொறுக்கும். நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணைகளில் சைரோமசின் என்ற மருந்தைத் தீவனத்தில் கலப்பார்கள், டன்னுக்கு ஐந்து கிராம் மருந்து என்ற கணக்கு. அது எச்சம் வழியாக வெளியேறிப் புழுவை வளரவிடாமல் தடுக்கும். ஆயிரக்கணக்கான கோழியைக் கூண்டில் வைத்திருப்பவருக்கு அது சரி. தெள்ளுப்பூச்சியும் புல்லும் தின்று, கண்ட இடத்தில் எச்சமிடும் சிறுவிடைக்கு எதைக் கலந்து எவ்வளவு கொடுப்பது? வீட்டுக் குழந்தை தின்னும் முட்டை வேறு. நான் தொடவில்லை.

"கோழிதான் ஈயைப் பிடித்துத் தின்னுமே, அப்புறம் என்ன?" என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கேட்பார். தின்னும்தான். ஆனால் சில வகை நாடாப்புழு வீட்டு ஈயின் வழியாகவே கோழிக்குப் போகிறது. எச்சத்தில் வெள்ளைத் துண்டுகள் நெளிந்தால் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. வெயிலில் கழிந்து வால் பக்கம் நனைந்து கிடக்கும் கோழியின் மேல் பச்சை ஈ முட்டை வைத்துவிடும். போன கோடையில் ஒரு பெட்டை தீவனத்துக்கு வராமல் மூலையில் ஒதுங்கி நின்றது. தூக்கி வாலடி இறகை விலக்கினால் தோலோடு ஒட்டிப் புழு. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, இறகைக் கத்தரித்து, மருத்துவர் சொன்ன மருந்தைத் தடவித் தனியாக அடைத்து வைத்ததில் தப்பித்தது. அதிலிருந்து கோடையில் சாயங்காலம் அடைக்கும்போது ஒவ்வொன்றின் வாலடியையும் ஒரு பார்வை பார்த்துவிடுகிறேன்.

இன்னொரு விஷயம், ஈ உச்சத்துக்குப் போவது கத்திரி வெயிலில் இல்லை. கோடை மழை ஒன்று பெய்து ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான். காய்ந்து கிடந்த எச்சமெல்லாம் ஒரே இரவில் நனைந்துவிடுகிறது. அதனால் வானம் கறுத்தாலே எருக்குழியைத் தார்ப்பாயால் மூடிவிடுகிறேன். வெயிலில் மூடிய குழி உள்ளே கொதித்துப் புழுவும் சாகும். தர்பூசணித் தோல், மாங்கொட்டை போட்டால் பொழுது சாய்வதற்குள் மிச்சத்தை எடுத்துவிடுவோம். எருக்குழியில் சப்பையாக, சாம்பல் நிறத்தில் பெரிய புழு தென்பட்டால் கொல்ல வேண்டாம். அது கருப்பு சிப்பாய் ஈயின் புழு, வளர்ந்த ஈ வீட்டுக்குள் வந்து மொய்க்காது, புழுவைக் கோழிக்கே போடலாம்.

இவ்வளவு செய்தும் ஈ அடியோடு ஒழிந்துவிடவில்லை. வேலிக்கு அந்தப்புறம் அண்ணனின் சாணிக் குப்பை திறந்துதான் கிடக்கிறது, அதற்கும் ஒரு தார்ப்பாய் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். ஆனி பிறந்து பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்க ஆரம்பித்தால் ஈ தானாகக் குறைந்துவிடும், அதுவரைக்கும் நிப்பிளும் கடலைத்தோலும்தான்.