ஏற்காடு மலையில் டிரெய்லர் இழுக்க எந்த வி-கிராஸ்: பழைய 2.5-ஆ, புது 1.9-ஆ?

பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள், அடுத்து ஓடிய கிலோமீட்டரைக் கேட்பார்கள். வண்டி டிரெய்லர் இழுக்கத்தான் என்றால், இந்த ரெண்டுக்கும் முன்னால் எஞ்சின் எது என்று முடிவு செய்துவிட வேண்டும். அதுவும் சேலத்திலிருந்து சேர்வராயன் மலைக்கு ஏறி இறங்குகிற வண்டி என்றால் கட்டாயம்.

எனக்கு ஏற்காட்டில் நாகலூர் பக்கம் கொஞ்சம் காபி, மிளகுத் தோட்டம். கீழேயிருந்து தொழுவுரம், மருந்தடிக்கும் டேங்க், கம்பி, சிமென்ட் எல்லாம் மேலே போக வேண்டும். கார்த்திகை தொடங்கிவிட்டால் காபி மூட்டைகள் கீழே வர வேண்டும். அறுவடை நேரத்தில் வாடகை வண்டி கிடைப்பது குதிரைக் கொம்பு. அதனால் ரெண்டு சக்கர டிரெய்லர் ஒன்று செய்துகொண்டு, அதை இழுக்க ஒரு செகண்ட் ஹேண்ட் இசுஸு வி-கிராஸ் பிக்கப் வாங்கினேன். 2.5 லிட்டர் எஞ்சின், மேனுவல் கியர். செம்மடுவில் இருக்கும் என் மச்சானிடம் அதே வண்டியில் 1.9 லிட்டர் மேனுவல் இருக்கிறது. சீசனில் யார் வண்டி காலியாக இருக்கிறதோ அதில் டிரெய்லரை மாட்டிக்கொள்வோம். ஒரே டிரெய்லர், ஒரே லோடு, ஒரே ரோடு, ரெண்டு எஞ்சின். நான் சொல்வதெல்லாம் இப்படி மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்ததிலிருந்துதான்.

வி-கிராஸ் இந்தியாவுக்கு வந்தது 2016-ல். அப்போது இருந்தது 2499 சிசி எஞ்சின் மட்டும்: 134 குதிரைத்திறன், 320 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவை), ஐந்து கியர். 2019-ல் 1.9 லிட்டர் எஞ்சின் ஆட்டோமேட்டிக்கோடு வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் பழைய 2.5 நின்றுபோய், 2021-லிருந்து 1.9 மட்டும்தான். அதில் 161 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர், மேனுவலில் ஆறு கியர். காகிதத்தில் பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை, சின்ன எஞ்சின் ஜெயித்துவிடுகிறது.

ஆனால் அந்த டார்க் எங்கே கிடைக்கிறது என்று பாருங்கள். 2.5-ல் முழு இழுவையும் 1800 ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) தொடங்கி 2800 வரை அப்படியே நிற்கிறது. 1.9-ல் 2000-த்தில் தொடங்கி 2500-லேயே முடிந்துவிடுகிறது. உச்சம் பெரிது, அகலம் குறைவு. சமவெளியில் இது தெரியவே தெரியாது. அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவு ஏறும்போதுதான் தெரியும்.

ஒரு வளைவை மட்டும் சொல்கிறேன். பின்னால் ஒரு டன்னுக்கு மேல் உரம். மேலேயிருந்து பஸ் இறங்குகிறது. மலைப் பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை, ஆனால் பஸ் பாதி திரும்பிவிட்ட பிறகு சட்டம் பேசி என்ன செய்ய? வளைவின் நடுவில், ரோடு அதிகம் சாய்ந்திருக்கும் இடத்தில் நின்றுதான் ஆக வேண்டும். பஸ் போனதும் மறுபடி கிளம்பும்போது 2.5-ல் கிளட்சை மெல்ல விட்டு, ஆக்சிலேட்டரைத் தொட்டால் போதும், வண்டி முனகிக்கொண்டே நகர்ந்துவிடும். 1.9-ல் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ எழும் வரை இழுவையில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதைத் தாண்ட எஞ்சினை ஏற்றிப் பிடித்துக் கிளட்சை அரைக் கிளட்சில் வைக்க வேண்டும். தொடர்ந்து ரெண்டு மூன்று வளைவில் இப்படி நின்று கிளம்பினால் கிளட்ச் பிளேட் கருகும் வாசனை கேபினுக்குள் வந்துவிடும். ஆர்பிஎம் ஏறிவிட்டால் 1.9 பிரமாதமாக இழுக்கும், அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் கொண்டை ஊசி வளைவில் ஆர்பிஎம் எப்போதும் விழுந்துகொண்டேதான் இருக்கும்.

நாலு சக்கரமும் சேர்ந்து மெதுவாக இழுக்கும் ஃபோர் வீல் லோவில் போட்டுக் கிளம்பலாமே என்று கேட்பார்கள். தார் ரோட்டில் கூடாது. அதில் போட்டால் இந்த வண்டியில் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், ரெண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் நடுவில் கிடையாது. காய்ந்த ரோட்டில் ஒடித்துத் திருப்பினால் எல்லாம் முறுக்கிக்கொள்ளும். ஆனால் தோட்டத்துக்குள், மழை பெய்து செம்மண் வழுக்கும்போது, டிரெய்லரைப் பின்னால் தள்ளி உலர்களத்துக்குக் கொண்டுபோக லோ கியரைப் போல உதவுவது வேறில்லை. அங்கே ரெண்டு எஞ்சினும் ஒன்றுதான்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் முக்கியம் என்பேன். காபி மூட்டைகளோடு இறங்கும்போது டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும். செகண்ட் கியரில் போட்டுவிட்டால் 2.5 எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், வளைவுக்கு வளைவுதான் பிரேக். 1.9-ல் எஞ்சின் பிடிப்பு குறைவு. அதே செகண்டில் வண்டி வேகம் எடுக்கும், கால் பிரேக்கிலேயே இருக்கும். அடிவாரம் வந்து இறங்கிப் பார்த்தால் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கை வைக்க முடியாத சூடு. மச்சான் இப்போதெல்லாம் செங்குத்தான இடங்களில் ஃபர்ஸ்ட் கியருக்கே போய்விடுகிறார். நேரம் ஆகும், ஆனால் அதுதான் சரி.

இதோடு சேர்ந்த விஷயம், டிரெய்லருக்குச் சொந்தமாக பிரேக் வேண்டும். எங்களுடையது ஓவர்ரன் பிரேக்: டிரெய்லர் முன்னால் தள்ளினால் அந்த அழுத்தத்திலேயே அதன் சக்கரங்கள் பிடித்துக்கொள்ளும். ரிவர்ஸ் எடுக்கும்போதும் பிடிக்கும் என்பதால் அதற்கான லாக் லிவரைத் தள்ளிவிட்டு எடுக்க வேண்டும், முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும். வெளிநாடுகளில் டி-மேக்ஸ் வண்டிகள் (வி-கிராஸ் அந்தக் குடும்பம்தான்) பிரேக் உள்ள டிரெய்லரை மூன்றரை டன் வரை இழுக்க அனுமதி உண்டு. அந்தக் கணக்கை ஏற்காடு ரோட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். டிரெய்லருக்கும் தனி ஆர்சி வேண்டும், அதையும் சேர்த்தே பாருங்கள்.

1.9-க்கு நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் ரோட்டில் அது வேறு வண்டி. ஆறாவது கியரில் சத்தமே இல்லாமல் ஓடும், ஓவர்டேக்கில் யோசிக்க வேண்டாம், டீசலும் கொஞ்சம் மிச்சம். என் 2.5 அதே வேகத்தில் இரைந்துகொண்டிருக்கும். மலையில் டிரெய்லரோடு என் வண்டி லிட்டருக்கு ஏழு எட்டு கொடுத்தால் பெரிது. ஆனால் திரும்பி வரும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லோடு இருந்தால், எந்த எஞ்சினாக இருந்தாலும் மேலேயே கியரைக் குறைத்துவிட வேண்டும். அங்கே பாதி இறங்கிய பிறகு குறைக்கப் பார்ப்பது ஆபத்து.

பிஎஸ்6 வண்டியில் புகையை வடிகட்டும் டிபிஎஃப் இருக்கிறது. மலை ஏறும்போது சைலன்சர் நன்றாகச் சூடாகி, சேர்ந்த கரி எரிந்துவிடும், அதில் தொல்லை இல்லை. தோட்டத்துக்குள் களத்துக்கும் ஷெட்டுக்குமாக ஊர்ந்துகொண்டே இருக்கும் நாட்களில்தான் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். அப்போது ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டிவிட வேண்டும். பழைய 2.5-ல் அந்தக் கவலை கிடையாது. அதற்குப் பதிலாக வயசு இருக்கிறது.

அந்த வயசைத்தான் வாங்கும்போது தேட வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை தள்ளுகிறதா பாருங்கள். கிளட்ச் பெடல் மேலே வந்த பிறகுதான் பிடித்தால் பிளேட் தேய்ந்திருக்கிறது. பின்னால் ஹிட்ச் (டிரெய்லர் கோக்கும் கொக்கி) மாட்டிக் கழற்றிய தடம் சேசிஸில் இருந்தால், முன்பு என்ன இழுத்தார்கள் என்று கேளுங்கள். இன்னொன்று: டி-மேக்ஸ் லோடு வண்டியிலும் 2499 சிசி எஞ்சின்தான், அதனால் "ரெண்டும் ஒரே எஞ்சின் அண்ணா" என்று சொல்லி விற்பார்கள். ஒன்றல்ல. அதில் 78 குதிரைத்திறன், 176 நியூட்டன் மீட்டர்தான். தொட்டியில் லோடு ஏற்ற நல்ல வண்டி, மலையில் டிரெய்லர் இழுக்கும் வண்டி அல்ல.

வாரம் ஒருமுறை ஓசூர், பெங்களூர் என்று போய்வந்து, எப்போதாவது டிரெய்லர் மாட்டுகிறவர் 1.9 வாங்கலாம், விலை கூடினாலும் பரவாயில்லை. என்னைப் போல மலையே வேலை என்றால் நல்ல நிலையில் இருக்கும் 2.5-ஐத் தேடுங்கள். எதுவானாலும் ஓட்டிப் பார்ப்பதை சேலம் ஐந்து ரோட்டைச் சுற்றி முடித்துவிடாதீர்கள். அடிவாரம் வரை கொண்டுபோய், நாலைந்து வளைவு ஏறி, ஒரு வளைவின் நடுவில் வேண்டுமென்றே நிறுத்திக் கிளப்பிப் பாருங்கள். அதற்குச் சம்மதிக்காதவரிடம் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.