சட்ட நிறுவனத்தின் தொழில்நுட்பத்தை யார் கையில் கொடுப்பது?

எங்கள் நிறுவனத்தில் தொழில்நுட்பத்துக்கென்று ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்று பார்ட்னர்கள் முடிவெடுத்தபோது இரண்டு வழிகள் இருந்தன. மென்பொருள் துறையில் ஊறிய ஒருவரை வெளியிலிருந்து கொண்டுவருவது ஒன்று. எங்களிடமே வேலை பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரை அதற்கு மாற்றுவது இன்னொன்று. இரண்டையும் செய்து பார்த்துவிட்டோம். மறுபடி தேர்ந்தெடுக்கச் சொன்னால், உள்ளே இருப்பவரைத்தான் சொல்வேன்.

வெளியாளின் பலம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: சர்வர், பாதுகாப்பு, மென்பொருள் விற்பவர்களிடம் பேரம். கோப்புகள் மொத்தத்தையும் ஆவண மேலாண்மை மென்பொருளுக்கு மாற்றியது அவர்தான். எந்தக் கட்சிக்காரரின் கோப்பை யார் திறக்கலாம் என்ற அனுமதியில் ஒன்றுகூடப் பிசகவில்லை. எங்களில் யாராலும் அதைச் செய்திருக்க முடியாது.

சிக்கல் வந்தது பராமரிப்பில். கேள்விகளுக்குப் பதில் கொடுத்தால் குத்தகை ஒப்பந்த வரைவு தானாகத் தயாராகும்படி டெம்ப்ளேட் செய்து வைத்திருந்தார். முதல் சில மாதங்கள் எல்லாரும் அதைத்தான் பயன்படுத்தினார்கள். அப்புறம் ஒருநாள் ஒரு ஜூனியர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் டெம்ப்ளேட்டைத் தொடவே இல்லை. டெஸ்க்டாப்பில் 'குத்தகை இறுதி புதியது 3' என்ற கோப்பைத் திறந்தார். ஏன் என்று கேட்டேன். "அதுல பழைய ஷரத்துதான் சார் இருக்கு. தினமும் கையால மாத்துறதுக்கு என் காப்பியே மேல்" என்றார். தேடிப் பார்த்தால் ஆளுக்கொரு பிரதி. மொத்தம் ஏழு, அவற்றில் மூன்று விதமான நோட்டீஸ் காலம்.

அது வெளியிலிருந்து வந்தவருடைய தவறு இல்லை. யாராவது சொன்னால் அன்றே மாற்றிக் கொடுத்திருப்பார். ஆனால் ஒரு தீர்ப்பைப் படித்ததும் நம் வரைவில் எந்த ஷரத்து அடிவாங்கும் என்று தெரிய வேண்டுமே, அது வழக்கறிஞருக்குத்தான் தெரியும். இப்போது பொறுப்பில் இருக்கும் எங்கள் வழக்கறிஞர் காலையில் தீர்ப்பைப் படித்தால் மாலைக்குள் டெம்ப்ளேட்டைத் திருத்திவிடுகிறார். எந்தத் தீர்ப்புக்காக, எந்தத் தேதியில் மாற்றினார் என்பதை ஓரத்தில் குறித்தும் வைக்கிறார். அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் ஜூனியர்கள் தங்கள் பிரதிகளை விட்டார்கள்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்கும் இதே கதைதான். நியூயார்க்கில் நடந்த மாட்டா எதிர் ஏவியான்கா வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாக உருவாக்கிய தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 2023 ஜூனில் 5,000 டாலர் அபராதம் விழுந்தது. எல்லா மேற்கோளையும் சரிபாருங்கள் என்று சுற்றறிக்கை விடுவது யாருக்கும் எளிது. மறுநாள் காலை தாக்கல் செய்ய வேண்டிய மனுவோடு இரவு பதினோரு மணிக்கு உட்கார்ந்திருப்பவர் எந்தப் படியைத் தாண்டிக் குதிப்பார் என்பது, அப்படி உட்கார்ந்து பழகியவருக்குத்தான் தெரியும். மேற்கோள் காட்டிய ஒவ்வொரு தீர்ப்பின் முழுப் பிரதியும் கோப்பில் இல்லாமல் மனு பார்ட்னர் கையெழுத்துக்கு வரக்கூடாது என்று எங்கள் பொறுப்பாளர் விதி வைத்தார். அதற்கப்புறம் யாருக்கும் தனியாக நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை.

சரி, உள்ளாளிடம் குறையே இல்லையா? இருக்கிறது, பெரிய குறை. அவருடைய நேரத்தைக் கட்சிக்காரர் வேலை விழுங்கிவிடும். பில் போடும் மணிநேரத்தை வைத்தே ஆளை அளக்கும் இடத்தில், டெம்ப்ளேட் திருத்திய நேரம் எந்தக் கணக்கிலும் வராது. ஆண்டு இலக்கில் பாதியைக் குறைத்து, அதை எழுத்தில் கொடுத்தோம். டைம்ஷீட்டில் இந்த வேலைக்குத் தனிக் குறியீடும் போட்டோம். இதைச் செய்ய பார்ட்னர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் என் பரிந்துரையை அப்படியே மாற்றிக்கொள்கிறேன்: வெளியாளையே எடுங்கள்.

நாங்கள் நாற்பது வழக்கறிஞர்கள், பெரும்பாலும் ஒப்பந்த வேலை. பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் நிறுவனத்தில் நான் வேலை பார்த்ததில்லை. அங்கே இரண்டு பேரும் தேவைப்படலாம். எங்கள் அளவில் சம்பளம் கொடுக்க முடிவது ஒருவருக்குத்தான். சர்வரையும் பாதுகாப்பையும் வெளியே ஒப்பந்தத்தில் விட்டுவிட்டோம், டெம்ப்ளேட் மட்டும் எங்கள் கையில் இருக்கிறது.